உன் முதுகுக்கு நான் வைத்த பெயர் பென்ஷன்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. ஹோல் பிடித்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று, அம்மா பலகாரத்துக்கு ஆள் தேடித் திரிகிறாள். இந்த நேரத்தில், மெல்பேர்ன் கிரெய்கிபர்னில் ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நேரே சொல்ல வந்தால் நான் முதல் வசனத்திலேயே சத்தம் போடுவேன். நீ "ஓகே அப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாய். நீயும் நானும் காலம் முழுக்கக் கதைத்தது இப்படித்தான். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழை வைத்துக்கொண்டு நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். ஆறுதலாக வாசி. ஆனால் வாசித்து முடித்ததும் இரண்டு காரியம் செய். அந்த வெயார்ஹவுஸ் வேலைக்கு இனி வரமாட்டேன் என்று போன் பண்ணு. நான் மூன்று வருஷமாகப் போடவிடாமல் வைத்திருக்கும் நட்டஈட்டு விண்ணப்பத்தைக் கல்யாணத்துக்கு முன்னமே போடு. நான் கேட்பது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான கதை.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் நீ வேலையால் வந்து கார் நிறுத்திய சத்தம் கேட்டது. ஆனால் ஆளைக் காணவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது என்று அம்மா சொல்ல, நான் கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன். நீ வெறும் சீமெந்து நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தாய். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. "என்னடா, என்ன நடந்தது?" என்று நான் கத்த, "ஒண்டுமில்லை அப்பா. காருக்குக் கீழ ஒயில் லீக் பாக்கிறன்" என்றாய். காருக்கும் உனக்கும் இடையில் ஆறடி தூரம். நான் கிழவன்தான், குருடன் இல்லை. உன் முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிய முடியாமல்தான் படுத்திருக்கிறாய் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் குந்தியிருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தேன். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோதுகூட உனக்கு நான் சப்பாத்துக் கழற்றிவிட்டதாக நினைவில்லை. அதெல்லாம் அம்மாவின் வேலை. நீ கூரையைப் பார்த்தபடி, "சொறி அப்பா" என்றாய். ஐயோ, எனக்கு ஏனடா சொறி சொன்னாய்?

அங்கே, அந்த நிலத்தில் வைத்துத்தான் உண்மை வெளியே வந்தது. வேலையை விடு என்று நான் சொல்ல, "விட ஏலாது அப்பா. பென்ஷனை ரிவியூ பண்ணினவங்கள். ஃபுல் டைம் வேலை செய்யிறன் எண்டு ஒரு படி இறக்கிப்போட்டாங்கள். முந்தி வந்ததில பாதிதான் வருது" என்றாய். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். அப்படியென்றால் மற்றதைக் கேள், நட்டஈட்டைக் கேள் என்று துள்ளினேன். "கல்யாணம் முடியட்டும் அப்பா. நீங்கள் பொம்பிளை வீட்டாருக்கு எனக்கு ஒண்டும் இல்லை எண்டெல்லோ சொல்லி வச்சிருக்கிறீங்கள்" என்றாய், கோபமே இல்லாமல். நீ கோபித்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்து அன்றைக்குத் தப்பியிருப்பேன்.

நீ ஆஸ்திரேலியப் படையில் சேரப்போகிறேன் என்று வந்து நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவன்ர வீட்டில ஆமிக்காரனோ?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். இது வேறு நாடு, வேறு படை என்று நீ பொறுமையாகச் சொன்னாய். எனக்குப் படை என்றால் படைதான். நீ பயிற்சி முடித்து அணிவகுத்த நாளில் அம்மா மட்டும் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். நான் வீட்டில் இருந்து புல் வெட்டினேன். பிறகு பன்னிரண்டு வருஷம், ஆர் கேட்டாலும், "பெடியன் கவுண்மென்ட் வேலை, குயின்ஸ்லாந்தில" என்று சொல்லிச் சமாளித்தேன். நீ பயிற்சியில் லொறியின் பின்தட்டிலிருந்து பாரத்தோடு விழுந்ததையும், முதுகில் சத்திரசிகிச்சை செய்ததையும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலையையே மறைத்தவன் வேலையில் பட்ட காயத்தை எப்படிச் சொல்வேன்?

அப்படிப்பட்ட வாய்க்கு ஒரே நாளில் என்ன வந்தது தெரியுமா? "மெடிக்கல் டிஸ்சார்ஜ் அப்பா. பென்ஷன் தருவாங்கள்" என்று நீ போனில் சொன்னாய். இரண்டு வசனம். உடம்பு ஏலாது என்று விலக்குகிறார்கள் என்ற முதலாவது என் காதில் ஏறவேயில்லை. நான் இலங்கையில் நீர்ப்பாசனக் கந்தோரில், சம்பளப் பகுதியில் கிளார்க்காக இருந்தவன். பென்ஷன் உள்ள உத்தியோகம் என்றால் எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் ஒன்றில்லை. அப்படிப்பட்டவனின் சாதகத்தைத்தான் முதலில் கேட்பார்கள். அந்தப் பென்ஷனை எட்டாமலேயே பாதியில் விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். இங்கே வந்து பாண் பேக்கரியில் இருபது வருஷம் தட்டுக் கழுவினேன். அதனால், என் பிள்ளைக்கு முப்பத்துமூன்று வயதில் பென்ஷன் என்றதும் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. கோயிலில் சொன்னேன், மரக்கறிக் கடையில் சொன்னேன், தெரியாத ஆளை மறித்து வைத்தும் சொன்னேன். நீ பக்கத்தில் கடைத் தள்ளுவண்டியில் இரண்டு கையையும் ஊன்றிச் சாய்ந்து நிற்பாய். ஸ்டைலுக்கு நிற்கிறான் என்று நினைத்தேன், விசரன் நான்.

பிறகு ஒருநாள் நீ என்னிடம் வந்து, "அப்பா, இன்னொண்டும் இருக்கு. முதுகு ஆமி வேலையாலதான் போனது எண்டு கிளெய்ம் பண்ணலாம்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று மறந்திருக்கமாட்டாய். "பென்ஷன் எண்டால் மரியாதை. ஊனம் எண்டு பதிஞ்சால் ஆரடா உனக்குப் பொம்பிளை தருவினம்?" உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ சிரித்துவிட்டு "ஓகே அப்பா" என்றாய். குசினிக்குள் இருந்து அம்மா, "பிள்ளையின்ர முதுகு முக்கியமோ, ஊர்ச்சனம் முக்கியமோ?" என்று கேட்டாள். சோற்றைப் பார் என்று அவள் வாயையும் அடைத்தேன். அடுத்த கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் கணக்காளர் ஒருவர் அகப்பட்டார். பெயர் வேண்டாம், அவரும் இதை வாசிக்க நேரலாம், ஏனென்று கடைசியில் சொல்கிறேன். அவரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "உதெல்லாம் வீண் வேலை அண்ணை. அங்கால கூட்டினால் இங்கால குறைப்பாங்கள்" என்று சொல்லிவிட்டுக் கட்லட்டைக் கடித்தார். எனக்கு அது போதும். எனக்குத் தேவையான பதில் கிடைத்த பிறகு நான் ஏன் இன்னொருவரிடம் கேட்கப்போகிறேன்?

சம்பந்தம் பேசத் தொடங்கியதும் அடுத்த பிழையைச் செய்தேன். வீட்டில் இருக்கிற மாப்பிள்ளையை ஆர் எடுப்பார்கள், ஏதாவது வேலையில் இரு, பெயருக்கென்றாலும் இரு என்று உன்னை உருட்டிப் பிரட்டி அந்த வெயார்ஹவுஸுக்கு அனுப்பினேன். பெயருக்கு வேலை என்று நான் நினைத்தது, நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற வேலை. வெரிபீயில் தர்சினி வீட்டுக்கு முதல் தடவை பொம்பிளை பார்க்கப் போனபோது அவளுடைய அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்: "தம்பிக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ச்சீச்சீ, கல்லுப் போல இருக்கிறார். பன்னிரண்டு வருஷம் இருந்திட்டு பென்ஷனோட விலகினவர்" என்றேன். நீ பக்கத்தில் கதிரையின் நுனியில் இருந்தாய். பொம்பிளைப் பிள்ளைக்கோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிற வேலை. முதுகெலும்பைப் படம் பிடிக்கிறவளிடம் முதுகை மறைக்கப் போன அதிமேதாவி உன் அப்பன்.

சப்பாத்துக் கழற்றிய மறுநாள் நான் போனை எடுத்தேன். படையினர் நலத் திணைக்களத்துக்கு அடித்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன். எனக்கு இங்கிலீஷ் விளங்கும். ஆனால் காசு விஷயம் தமிழில் கேட்டால்தான் மண்டைக்குள் ஏறும். இந்தியத் தமிழ்ப் பெடியன் ஒருவன் லைனில் வந்தான். அவனிடம், "தம்பி, ஒண்டைக் கூட்டினால் மற்றதைக் குறைப்பினமோ எண்டு கேளுங்கோ" என்றேன். அவன் கேட்டுவிட்டு, "எதைச் சொல்றீங்கன்னு கேக்கறாங்க சார். ரெண்டு மூணு விஷயம் இருக்காம். ஒவ்வொண்ணா சொல்றேங்கறாங்க" என்றான். கணக்காளர் ஒரு வாயில் முடித்ததை திணைக்களத்துப் பெண் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். தனி ஆளின் விபரம் தரமாட்டேன், பொதுவாகத்தான் சொல்லுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். நான் எல்லாவற்றையும் எழுதி எடுத்தேன். பழைய கிளார்க் அல்லவா.

உனக்கு வருகிற பென்ஷன், படையில் இருந்தபோது சேர்ந்த சூப்பரிலிருந்து, அதாவது உன் ஓய்வூதிய நிதியிலிருந்து, வருவது. உன் உடம்பு ஏன் கெட்டது என்று அது கேட்பதில்லை. வெளியில் எவ்வளவு வேலை செய்ய உன்னால் முடியும் என்று மட்டும் பார்க்கும். முடியாத அளவுக்கு ஏற்ற படி. இடையில் திரும்பவும் பார்த்து, உன்னால் முடியும் என்று கண்டால் படியை இறக்குவார்கள். திணைக்களத்தின் நட்டஈடு வேறு வழி. அது முதலில் கேட்பதே, இந்தக் காயம் படைச் சேவையால் வந்ததா என்றுதான். ஓம் என்று ஏற்றுக்கொண்டால் அந்த முதுகின் வைத்தியச் செலவு அவர்களுடையது. திரும்பி வராமலே போன உடம்புக்கு என்று ஒரு தொகை தனியாக உண்டு, ஒரேயடியாகவோ கிழமைக்குக் கிழமையோ எடுக்கலாம். அதைச் சூப்பர்ப் பென்ஷன் தொடாது. இவை இரண்டும் இல்லாமல், வேலை செய்ய முடியாததால் இழந்த சம்பளத்தை நிரப்புகிற கொடுப்பனவு ஒன்றும் இருக்கிறது. அதில்தான் கழிவு. நீ உழைப்பதையும், பென்ஷனில் அரசாங்கம் போட்ட பங்கையும் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். கணக்காளர் சொன்னது இந்த ஒன்றுக்கு மட்டும்தான் உண்மை.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அப்ப, பென்ஷனைக் குறைச்சுப் போட்டினம் எண்டால்?" பெடியன் கேட்டுவிட்டு வந்தான். "பென்ஷன் குறைஞ்சா கழிக்கிற தொகையும் குறையும் சார். அப்ப இவங்க தர்றது கூடும். ஒண்ணு இறங்கினா இன்னொண்ணு ஏறும்னு சொல்றாங்க." நான் பேனையைக் கீழே வைத்தேன். "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டான். கூட்டினால் குறைப்பார்கள் என்று நான் தூக்கியெறிந்த அதே கணக்குத்தான், அடியில் இருந்து உன்னைத் தாங்கியிருக்க வேண்டியது. பென்ஷன் பாதியான அன்றைக்கு மற்றது ஏறி நின்றிருக்கும். நீ பெட்டி தூக்கியிருக்கத் தேவையில்லை. சம்பளப் பகுதியில் இருந்த காலத்தில், சுற்றறிக்கையை வாசிக்காமல் ஒரு கழிவுக்கும் நான் கையெழுத்து வைத்ததில்லை. மேலதிகாரி வந்து நின்று கத்தினாலும் வைக்கமாட்டேன். ஊரானின் சம்பளத்துக்கு அவ்வளவு கவனமாக இருந்தவன், சொந்தப் பிள்ளையின் முதுகைக் கட்லட் கடித்த வாயை நம்பி விட்டுவிட்டேன். அதை நினைத்தால் என்னையே நான் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு ரயில் ஏறினேன். நோர்த் மெல்பேர்னில் இறங்கி மாறி வெரிபீ போனேன். ரயிலில் இருந்து இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்தேன். சம்பந்தம் குழம்பினால் நீ என்னை மன்னிக்கமாட்டாய். குழம்பாமல் நீ தொடர்ந்து பெட்டி தூக்கினால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். தர்சினியின் அப்பா குசினிக்குள்ளேயே கதிரை இழுத்துப் போட்டு இருத்தினார். தேத்தண்ணி ஊற்ற முதலே நான் தொடங்கிவிட்டேன். "உங்களுக்கு நான் பொய் சொல்லிப்போட்டன். அவன் கல்லுப் போல இல்லை. முதுகு போய்த்தான் ஆமியால விட்டவங்கள். அந்தப் பென்ஷன் அதுக்குக் குடுக்கிற காசு." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கேத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணை, எங்களுக்குத் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்: "நீங்கள் முதல் நாள் வந்திட்டுப் போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி தனிய வந்தவர். இதே கதிரையிலதான் இருந்தவர். முதுகைப் பற்றி, நித்திரை இல்லாததைப் பற்றி, ஒண்டும் ஒளிக்காமல் எல்லாம் சொன்னவர். எங்கட பிள்ளை அதுக்கு முதலே அவர் நடக்கிறதைப் பாத்து எனக்குச் சொல்லிப்போட்டாள். தம்பி எங்களிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதான். உங்களுக்குத் தெரியும் எண்டதை அப்பாவுக்குக் காட்டாதேங்கோ, அவர் சபையில தலை குனிய வேண்டி வரும், கல்யாணம் முடியுமட்டும் அவர் சந்தோஷமாய் இருக்கட்டும் எண்டவர்."

தம்பி, அந்த வீட்டுக் குசினியில் நான் அழுதேன். அறுபத்தெட்டு வயதில், சம்பந்தி வீட்டில், பிஸ்கட் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு. அவர் எழும்பி வந்து முதுகைத் தடவினார். தர்சினியின் அம்மா ஓடி வந்து, "ஐயோ, ஏன் அழுறீங்கள்? இதுக்கெல்லாம் அழுவினமோ?" என்று கேட்டா. நான் எதற்கு அழுதேன் என்று அவவுக்கு எப்படிச் சொல்வது? அவர்களுக்காக நீ பெட்டி தூக்கவில்லை. உன்னை யாரும் தூக்கச் சொல்லவில்லை. உன் அப்பன் பொய்யனாகிவிடக் கூடாது என்று தூக்கினாய். படை உன் முதுகில் வைத்த பாரம் ஒரு பங்கு என்றால், மீதியை நான் வைத்தேன். இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்று டொக்டர் சொன்னதையும் தர்சினியின் அப்பாதான் எனக்குச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னமே நீ விண்ணப்பத்தைப் போட்டு, பெட்டி தூக்கப் போகாமல் ஒழுங்காக வைத்தியம் செய்திருந்தால் அது தேவைப்பட்டிருக்குமா? எனக்குத் தெரியாது. காசு எவ்வளவு பின்னோக்கித் தருவார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். முதுகைப் பின்னோக்கித் தரமாட்டார்கள்.

அதனால் சொல்கிறேன், கல்யாணம் முடியட்டும் என்று எனக்காக ஒரு நாளும் காத்திராதே. விண்ணப்பம் போடும்போது, எங்கே விழுந்தாய், எப்போது தொடக்கம் நோகிறது, இப்போது எதெல்லாம் செய்ய முடியவில்லை என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்லு. சப்பாத்துக் கயிற்றையும் சொல்லு. வெட்கப்பட்டு "ஐ ஆம் ஓகே" என்று எழுதிவிடாதே. அந்தப் பழக்கம் உனக்கு என்னிடமிருந்துதான் வந்தது. படையில் இருந்தவர்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுகிற, காசு வாங்காத ஆட்கள் இருக்கிறார்களாம், ஒருவரைப் பிடி. ஒரேயடியாகத் தொகை எடுப்பதா, கிழமைக்குக் கிழமை எடுப்பதா என்பதைக் கணக்கு நன்றாகத் தெரிந்தவரிடம் கேட்டு, நீயும் தர்சினியும் இருந்து யோசித்து முடிவெடுங்கள். நான் அதில் தலையிடமாட்டேன். இதுவரை தலையிட்டது போதும்.

நீ ஓம் என்றால் இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்றால் கொடுக்கவில்லை. பொய்யை நான் ஒளித்துச் சொல்லவில்லையே, கோயிலிலும் கடையிலுமாக நூறு பேருக்குச் சொன்னேன். எங்கள் ஆட்களில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் சீருடையில் இருக்கிறார்கள். அவர்களுடைய அப்பாமாரும் என்னைப் போல விறைத்த மண்டைகள்தான். ஒருவராவது வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் எங்கே நோகிறது என்று கேட்கட்டும்.

கடைசியாக ஒன்று. தாலி கட்டி முடிந்ததும் ஐயர் உங்கள் இருவரையும் பெற்றோர் காலில் விழுந்து கும்பிடச் சொல்லுவார். நீ விழுந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். சபை பார்க்கிறது, அப்பா பார்க்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு விழுவாய், பிறகு எழும்ப முடியாமல் எழும்புவாய். வேண்டாம். ஐயருக்கு இன்று காலை போனில் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். ஏன் என்றும் சொன்னேன். நீ நிற்கிற இடத்திலேயே நில். நானும் அம்மாவும் எழும்பி உன்னிடம் வருவோம். நீ என்னைவிட ஒரு சாண் உயரம். இருந்தாலும் குனியாதே, உன் தலை எனக்கு எட்டும்.

அப்பா